கீழடியின் கரித்துண்டும் சூரியனின் சீற்றமும்: கார்பன் காலக்கணிப்பை எப்படிப் படிப்பது?

2019இல் கீழடிக்கு கி.மு. 580 என்றார்கள். 2021இல் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்ற காலம் வந்தது. 2022இல் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையின் இரும்புக்கு கி.மு. 2172. 2025 ஜனவரியில் சிவகளை இரும்புக்கு கி.மு. 3345. அதே ஆண்டில் கீழடி அறிக்கையின் காலவரையறையைத் திருத்தித் தரும்படி இந்தியத் தொல்லியல் துறை கேட்டது. அகழாய்வுக்குத் தலைமை தாங்கிய அமர்நாத் ராமகிருஷ்ணா மறுத்தார். இன்றுவரை அந்த விவாதம் ஓயவில்லை.

இதையெல்லாம் தொடர்ந்து படித்துவரும் வாசகருக்கு ஒரு குழப்பம் எழுவது இயல்பு. அறிவியல் முறையில் கணித்த காலம் என்றால் அதில் எப்படி இரண்டு கருத்து இருக்க முடியும்? ஓர் ஆய்வுக்கூடம் கி.மு. 580 என்று சொன்ன பிறகு சண்டை எதற்கு?

பதிலின் பாதி மண்ணுக்கடியில் இருக்கிறது. மறுபாதி 15 கோடி கிலோமீட்டர் தள்ளி, சூரியனில் இருக்கிறது. கரித்துண்டின் வயதைச் சொல்லும் கார்பன் கடிகாரத்தைச் சூரியன் சில நூற்றாண்டுகளில் மங்கச் செய்திருக்கிறது. வேறு சில தருணங்களில் அதே சூரியன் ஒரே ஆண்டுக்குள் அழிக்க முடியாத முத்திரையைப் பதித்துவிட்டும் போயிருக்கிறது. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால், அடுத்த முறை செய்தியில் ஒரு காலக்கணிப்பு வரும்போது அதை எவ்வளவு நம்பலாம் என்று நாமே எடைபோட முடியும்.

அடிப்படை: கார்பன்-14 எங்கே பிறக்கிறது?

1. விண்வெளியிலிருந்து அண்டக்கதிர்கள் எந்நேரமும் பூமியின் மீது விழுந்துகொண்டிருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை அதிவேகப் புரோட்டான்கள். வளிமண்டலத்தின் மேலடுக்கில் இவை மோதும்போது நியூட்ரான்கள் தெறிக்கின்றன. அப்படித் தெறித்த நியூட்ரான் ஒன்று நைட்ரஜன் அணுக்கருவில் புகுந்து ஒரு புரோட்டானை வெளியே தள்ளினால், அந்த நைட்ரஜன் கார்பன்-14 ஆக மாறிவிடுகிறது.

2. புதிதாகப் பிறந்த கார்பன்-14, ஆக்சிஜனுடன் சேர்ந்து கரியமில வாயுவாகிறது. அதைச் செடிகொடிகள் இழுத்துக்கொள்கின்றன. செடிகளைத் தின்னும் விலங்குகளுக்கும் மனிதர்களுக்கும் அது வந்து சேர்கிறது. ஆனால் அளவு மிகச் சொற்பம். காற்றிலுள்ள ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி கார்பன் அணுக்களில் ஒன்றுதான் கார்பன்-14.

3. உயிர் போனதும் வரவு நின்றுவிடுகிறது. உடலில் இருக்கும் கார்பன்-14 மட்டும் தேய்ந்துகொண்டே வருகிறது. 5,730 ஆண்டுகளில் பாதியாகும், அடுத்த 5,730 ஆண்டுகளில் அந்தப் பாதியிலும் பாதியாகும். 2,600 ஆண்டுப் பழைய கரியில் சுமார் 73 விழுக்காடு மிஞ்சியிருக்கும். 5,370 ஆண்டுப் பழைய கரியில் 52 விழுக்காடு. 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளக்கும் அளவுக்கு எதுவும் மிஞ்சாது.

அமெரிக்க வேதியியலாளர் வில்லர்ட் லிபி 1940களின் இறுதியில் இந்த முறையை உருவாக்கினார். 1960இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்.

ஆய்வுக்கூடம் தருவது எது?

கீழடியின் கரி மாதிரிகள் அமெரிக்காவின் மயாமி நகரிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே பயன்படுத்தப்படும் முறைக்கு ஏ.எம்.எஸ். என்று பெயர். மாதிரியை அமிலத்திலும் காரத்திலும் கழுவி, மண்ணிலிருந்து ஏறிய பிற்காலக் கார்பனை நீக்குகிறார்கள். பிறகு அதை எரித்து வாயுவாக்கி, அந்த வாயுவைக் கிராஃபைட்டாக மாற்றுகிறார்கள். அந்தக் கிராஃபைட்டின் அணுக்களை முடுக்கியில் விரட்டி, காந்தங்களால் எடைவாரியாகப் பிரித்து, கார்பன்-14 அணுக்களை நேரடியாக எண்ணுகிறார்கள். சில மில்லிகிராம் கரி இருந்தால் போதும். பழைய முறையில் கிராம் கணக்கில் தேவைப்பட்டது.

இந்த எண்ணிக்கையிலிருந்து கிடைப்பது "2,450, கூட்டிக் குறைத்து 30" என்பதுபோன்ற ஒரு கார்பன் வயது. இதில் "இன்றைக்கு முன்" என்று குறிப்பிடுவது 1950ஆம் ஆண்டைத்தான். அதன் பிறகு நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் இருந்த கார்பன்-14ஐ ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிட்டதால் 1950ஐயே நிலையான புள்ளியாக வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கார்பன் வயது இன்னும் நாட்காட்டி வயது ஆகிவிடவில்லை. 1950இலிருந்து 2,450ஐக் கழித்து கி.மு. 500 என்று எழுதினால் அது தவறு. இடையில் ஒரு படி இருக்கிறது.

இடையில் உள்ள படி: அளவுத்திருத்தம்

காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்தது என்று வைத்துக்கொண்டால்தான் நேரடிக் கழித்தல் செல்லும். உண்மையில் அது ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. பூமியின் காந்தப்புலத்தின் வலிமை மாறியிருக்கிறது, கடல்கள் கார்பனை விழுங்குவதும் விடுவதும் மாறியிருக்கின்றன. இவற்றோடு சூரியனும் மாறியிருக்கிறது. சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும்போது அதன் காந்தப்புலம் அண்டக்கதிர்களில் ஒரு பங்கைத் தடுத்துவிடுகிறது. மந்தமாக இருக்கும்போது கதிர்கள் தாராளமாக உள்ளே வருகின்றன, கார்பன்-14 உற்பத்தி கூடுகிறது.

ஆகவே ஒவ்வோர் ஆண்டும் காற்றில் எவ்வளவு இருந்தது என்று சொல்லும் ஒரு குறிப்பேடு வேண்டும். மரங்கள் அதை எழுதி வைத்திருக்கின்றன. பருவகாலம் தெளிவாக மாறும் நாடுகளில் மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடுகிறது. ஒவ்வொரு வளையமும் அந்தந்த ஆண்டுக் காற்றின் கார்பனைப் பூட்டி வைத்துக்கொள்கிறது. இன்று நிற்கும் மரம், பழைய வீட்டின் உத்தரம், ஆற்றுப்படுகையில் புதைந்த அடிமரம் என வளைய வரிசைகளை ஒன்றோடொன்று பொருத்திக்கொண்டே போனால் 12,000 ஆண்டுகளுக்கும் மேல் பின்னால் செல்லலாம். அதற்கும் முந்தைய காலத்துக்குக் குகைப் படிவுகளும் ஏரிப் படிவுகளும் பவளங்களும் உதவுகின்றன. இவற்றை எல்லாம் தொகுத்து 2020இல் வெளிவந்த இன்ட்கால்20 என்ற வளைவு, 55,000 ஆண்டுகள் வரை நீள்கிறது.

ஆய்வுக்கூடம் தரும் கார்பன் வயதை இந்த வளைவின் மீது வைத்துப் படிக்கும்போது விடையாகக் கிடைப்பது ஒரு காலப் பரப்பு. "இந்த ஆண்டிலிருந்து அந்த ஆண்டுக்குள் இருக்க 95 விழுக்காடு வாய்ப்பு" என்ற வடிவில் அது வரும். செய்திகளில் நாம் பார்க்கும் ஒற்றை எண், அந்தப் பரப்பிலிருந்து எடுத்த ஒரு புள்ளி. பரப்பு குறுகலாக இருந்தால் புள்ளியைச் சொல்வதில் குற்றமில்லை. அகலமாக இருந்தால் புள்ளி மட்டும் சொல்வது வாசகரை ஏமாற்றுவதற்குச் சமம்.

கி.மு. 800 முதல் 400 வரை: வளைவு படுத்துக்கிடக்கும் காலம்

இந்த வளைவு சீராகச் சரிந்து இறங்கும் கோடு இல்லை. சில இடங்களில் செங்குத்தாக இறங்கும், சில இடங்களில் மேடுபோலப் படுத்துவிடும். செங்குத்தான இடத்தில் விழும் மாதிரிக்குக் காலம் துல்லியமாக வரும். படுத்த இடத்தில் விழுந்தால் பல நூற்றாண்டுகள் ஒரே குவியலாகிவிடும்.

அப்படிப் படுத்துக்கிடக்கும் இடங்களில் மிகவும் தொல்லை தருவது கி.மு. 800 முதல் 400 வரையிலான காலம். ஆஸ்திரியாவின் புகழ்பெற்ற உப்புச் சுரங்க ஊரான ஹால்ஸ்டாட்டின் பெயரால் இதை ஹால்ஸ்டாட் மேடு என்கிறார்கள். ஐரோப்பாவின் இரும்புக் காலத்தை ஆராய்பவர்கள் பல தலைமுறைகளாக இதனோடு மல்லுக்கட்டி வருகிறார்கள்.

இது எப்படி நேர்ந்தது? ஏறக்குறைய 2,800 ஆண்டுகளுக்கு முன் சூரியன் நீண்ட காலம் மந்தமாக இருந்தது. காற்றில் கார்பன்-14 கூடியது. பிறகு சூரியன் தேறியதும் அது படிப்படியாகக் குறைந்தது. இப்போது அடியில் ஒரே அளவு ஓட்டையுள்ள இரண்டு குடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் குடத்தைத் தளும்பத் தளும்ப நிரப்பி முன்கூட்டியே வைத்தார்கள். இரண்டாவதைச் சற்றுக் குறைவாக நிரப்பிப் பின்னால் வைத்தார்கள். நாம் வந்து பார்க்கும்போது இரண்டிலும் ஒரே மட்டத்தில் தண்ணீர். எந்தக் குடம் முதலில் வைத்தது என்று மட்டத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அப்படித்தான் கி.மு. 750இல் வெட்டிய மரமும் கி.மு. 450இல் வெட்டிய மரமும் 2,450ஐ ஒட்டிய கார்பன் வயதையே காட்டுகின்றன.

கீழடி இந்தக் காலத்துக்குள் வருகிறது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிக்கு கி.மு. 580, 200 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்ததற்கு கி.மு. 205 என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. இரண்டாவது எண் மேட்டுக்கு வெளியே இருக்கிறது. முதல் எண் மேட்டின் நட்டநடுவில் இருக்கிறது. வைகைக் கரையில் எழுத்தறிவும் கைத்தொழிலும் கொண்ட ஒரு குடியிருப்பு கி.மு. எட்டாம் நூற்றாண்டிலேயே தொடங்கியதா, ஐந்தில் தொடங்கியதா என்ற கேள்வி தமிழ் வரலாற்றுக்கு மிக முக்கியமானது. சரியாக அந்தக் கேள்விக்குத்தான் கார்பன் கடிகாரம் மங்கலாகப் பதில் சொல்கிறது. இதில் கீழடியை அகழ்ந்தவர்களின் குறையோ ஆய்வுக்கூடத்தின் குறையோ எதுவும் இல்லை.

ஒரே ஆண்டில் ஒரு தாவல்

மங்கலை விலக்கும் வழி ஜப்பானிலிருந்து வந்தது. நாகோயா பல்கலைக்கழகத்தின் ஃபுஸா மியாகே, யாக்குஷிமா தீவின் மிகப் பழைய சீடார் மரங்களை எடுத்துக்கொண்டார். அதுவரை வளைவு தயாரிக்கப் பெரும்பாலும் பத்துப் பத்து வளையங்களைச் சேர்த்தே அளந்துவந்தார்கள். செலவும் குறைவு, வேலையும் குறைவு. மியாகே குழு வளையங்களைத் தனித்தனியாகச் செதுக்கி அளந்தது. கி.பி. 774க்கும் 775க்கும் இடையில் கார்பன்-14 திடீரென்று 1.2 விழுக்காடு உயர்ந்திருந்தது. 2012இல் முடிவு வெளியானது.

1.2 விழுக்காடு கேட்கச் சிறிய எண்ணாக இருக்கலாம். வழக்கமான சூரிய ஏற்ற இறக்கத்தால் ஏற்படும் மாற்றத்தைவிட அது சுமார் 20 மடங்கு அதிகம். கடிகாரத்தின் கணக்கில் சொன்னால், 1 விழுக்காடு கார்பன்-14 என்பது ஏறக்குறைய 80 ஆண்டுகளுக்குச் சமம். அதாவது அடுத்தடுத்த இரண்டு வளையங்களுக்கிடையில் கடிகார முள் நூறு ஆண்டுகள் துள்ளியிருக்கிறது. பத்து வளையங்களைச் சேர்த்து அளந்ததால் இத்தனை காலமும் அது கண்ணில் படாமலே கரைந்துபோயிருந்தது.

ஜெர்மனியின் ஓக் மரத்திலும், அமெரிக்காவின் பிரிசில்கோன் பைனிலும், சைபீரியாவின் லார்ச்சிலும், நியூசிலாந்தின் கௌரி மரத்திலும் அதே ஆண்டில் அதே தாவல் தென்பட்டது. ஆக அது உலகம் முழுவதையும் தாக்கிய நிகழ்வு. என்ன நடந்தது என்பதில் முதலில் கருத்து வேறுபாடு இருந்தது. விண்மீன் வெடிப்பு, காமாக் கதிர் வெடிப்பு என்றெல்லாம் யோசித்தார்கள். கிரீன்லாந்து, அண்டார்டிகா பனிப்படலங்களில் அதே காலத்துக்குரிய அடுக்குகளில், கார்பன்-14 போலவே வளிமண்டல மோதலில் பிறக்கும் பெரிலியம்-10, குளோரின்-36 ஆகியவையும் எகிறியிருந்தன. அவை இருந்த விகிதமும், துருவங்களை நெருங்க நெருங்க மரங்களில் தாவல் கூடுவதும் சூரியனையே சுட்டின. சூரியனிலிருந்து பாய்ந்த துகள் புயல், அண்டக்கதிர்களைப் போலவே வளிமண்டலத்தில் மோதிக் கார்பன்-14ஐ உண்டாக்கியது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

இதுவரை உறுதியாகக் கண்ட தாவல்களில் முக்கியமானவை:

1. கி.பி. 993. 774க்குச் சற்றுச் சிறியது.
2. கி.பி. 774.
3. கி.மு. 664 வாக்கில். ஒரே ஆண்டில் முடியாமல் இரண்டு மூன்று ஆண்டுகளில் பரவிக்கிடப்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட புயல்கள் அடுத்தடுத்து வந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு.
4. கி.மு. 5259.
5. கி.மு. 7176.
6. சுமார் 14,300 ஆண்டுகளுக்கு முன். பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையின் தென்பகுதியில், ஆறு அரித்த கரைகளில் வெளிப்பட்ட பைன் மரங்களிலிருந்து 2023இல் தெரியவந்தது. அறிந்தவற்றில் மிகப் பெரியது இதுவே.

மூன்றாவது வரியை மறுபடி படியுங்கள். கி.மு. 664, ஹால்ஸ்டாட் மேட்டுக்குள்ளேயே இருக்கிறது.

கோடரி விழுந்த ஆண்டைக் கண்டுபிடித்தல்

இந்தத் தாவல் தொல்லியலுக்கு எப்படிப் பயன்படும் என்பதை 2021இல் மூன்று சிறு மரத்துண்டுகள் காட்டின.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவின் வடமுனையில் லான்ஸோ மெடோஸ் என்ற இடம் இருக்கிறது. 1960இல் ஹெல்கே இங்ஸ்டாட், ஆன் ஸ்டீன் இங்ஸ்டாட் என்ற நார்வே தம்பதியர் இங்கே வைக்கிங் குடியிருப்பு ஒன்றைக் கண்டறிந்தார்கள். கொலம்பஸுக்கு முன்பே ஐரோப்பியர் அமெரிக்க மண்ணை மிதித்ததற்கான உறுதியான சான்று இது. ஆனால் எந்த ஆண்டு? பழைய கார்பன் கணிப்புகள் வைக்கிங் யுகம் முழுவதையும் தழுவிப் பரந்துகிடந்தன. ஆண்டைச் சொல்ல அவற்றால் முடியவில்லை.

நெதர்லாந்தின் கிரோனிங்கன் பல்கலைக்கழகக் குழு, அங்கே வேலை செய்தவர்கள் வெட்டிக் கழித்த மூன்று மரத்துண்டுகளை எடுத்துக்கொண்டது. மூன்றும் வெவ்வேறு மரங்களிலிருந்து வந்தவை. வெட்டுவாய் இரும்புக் கருவியால் ஆனது என்று தெளிவாகத் தெரிந்தது. அந்தக் காலத்தில் அந்தப் பகுதியின் பூர்வகுடிகள் இரும்புக் கருவிகளைச் செய்யவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, துண்டுகளின் ஓரத்தில் பட்டையை ஒட்டிய கடைசி வளையம் சிதையாமல் இருந்தது.

குழு வளையம் வளையமாக அளந்துகொண்டே போனது. ஓர் இடத்தில் கார்பன்-14 தாவியது. அதுதான் 993. அங்கிருந்து பட்டை வரை வளையங்களை எண்ணினார்கள்: 28. கூட்டினால் 1021. மூன்று மரங்களும் அதே விடையைத் தந்தன. கி.பி. 1021இல் யாரோ ஒருவர் இரும்புக் கோடரியால் அந்த மரங்களை வெட்டியிருக்கிறார். கூட்டிக் குறைக்க எதுவும் இல்லை. கொலம்பஸின் பயணத்துக்கு 471 ஆண்டுகள் முந்தையது.

இதே வழியில் 2024இல் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வட கிரீஸின் டிஸ்பிலியோ ஏரிக்கரைக் குடியிருப்பின் மரக்கால்களை கி.மு. 5259ஆம் ஆண்டுத் தாவலோடு பொருத்தினார்கள். ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய புதிய கற்கால ஊர் ஒன்றில் எந்த ஆண்டு வீடு கட்டினார்கள் என்று இப்போது சொல்ல முடிகிறது. எழுத்தே பிறக்காத காலத்துக்கு ஆண்டுக் கணக்கில் வரலாறு எழுதலாம் என்பது எனக்கு இந்த நூற்றாண்டுத் தொல்லியலின் மிகப் பெரிய பேறாகத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் இது கைகொடுக்குமா?

நேரடியாகச் செய்வது கடினம். இந்த முறைக்குச் சில டஜன் வளையங்களாவது தொடர்ச்சியாகத் தெரியும் மரம் வேண்டும். வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக இராது. தேக்கு இதற்கு ஒரு நல்ல விதிவிலக்கு. தேக்கு வளையங்களைக் கொண்டு பருவமழையின் வரலாற்றையே இந்திய ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள். அடுத்த தடை நம் வெயிலும் ஈரமும் கரையானும். மரம் மண்ணில் நிலைப்பதில்லை. நீரில் ஊறிய சேற்றில் மட்டும் தப்பிக்கிறது. கேரளத்தின் பட்டணத்தில் பழைய மரத்தோணியும் தேக்குக் கட்டைகளும், காவிரிப்பூம்பட்டினத்தை அடுத்த கீழையூர்ப் படகுத்துறையில் மரக் கம்பங்களும் அப்படித்தான் தப்பின.

ஆனால் மறைமுகப் பயன் இப்போதே கிடைக்கிறது. மியாகேயின் கண்டுபிடிப்புக்குப் பிறகு உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் ஒற்றை ஆண்டு வளையங்களை அளக்கத் தொடங்கிவிட்டன. அதனால் ஹால்ஸ்டாட் மேட்டின் படம் தெளிவாகி, அதன் நடுவிலும் சிறு ஏற்ற இறக்கங்கள் புலப்பட்டுள்ளன. இதைப் பயன்படுத்தி 2024இல் எருசலேமின் இரும்புக் காலத்தை இஸ்ரேலிய ஆய்வாளர்கள் மறுபடி கணித்தார்கள். அவர்கள் எடுத்தவை 100க்கும் மேற்பட்ட மாதிரிகள், பெரும்பகுதி விதைகள். மண்ணடுக்குகளின் வரிசையையும் கணக்கில் சேர்த்தார்கள். தனித்தனியே மங்கலான அளவீடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக வரிசைப்பட்டபோது கூர்மையாயின. கீழடிக்கு நியாயம் செய்ய வேண்டும் என்றால் இதுதான் வழி. கி.மு. எட்டாம் நூற்றாண்டா ஐந்தாம் நூற்றாண்டா என்று கடிதங்கள் மூலம் வழக்காடுவதைவிட, அடியடுக்குகளிலிருந்து ஐம்பது நூறு தானியமணிகளையும் விதைகளையும் எடுத்து அளப்பது எத்தனையோ மடங்கு மேல்.

இனி ஒரு காலக்கணிப்புச் செய்தி வந்தால் அதில் தேட வேண்டியவை நான்கு:

1. எதை அளந்தார்கள்? கரி என்றால் அது எந்த மரத்தின் எந்தப் பகுதி என்ற கேள்வி உடனே எழ வேண்டும். 200 ஆண்டு வாழ்ந்த மரத்தின் வைரம் பாய்ந்த உள்பகுதி, மரம் வெட்டப்படுவதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே கார்பன் வாங்குவதை நிறுத்திவிட்டது. அந்தக் கரி அடுப்பின் வயதைவிட 200 ஆண்டு கூடுதலாகக் காட்டும். நெல்மணி ஒரே போகத்தில் விளைந்து அறுவடையானது. அதனால்தான் சிவகளை நெல்லின் கி.மு. 1155க்குத் தனி மதிப்பு உண்டு.

2. அது எங்கே கிடந்தது? இரும்பை நேரடியாக அளப்பது அரிது. இரும்போடு கிடந்த கரியைத்தான் அளக்கிறார்கள். கரியும் இரும்பும் ஒரே நாளில் அங்கே சேர்ந்தவை என்பதற்கு மண்ணடுக்கு சாட்சி சொல்ல வேண்டும். மூடி திறக்காத தாழி நல்ல சாட்சி. கலைந்த குழி மோசமான சாட்சி.

3. காலப் பரப்பு எவ்வளவு? அறிக்கையில் அது கட்டாயம் இருக்கும். செய்தியில்தான் விட்டுவிடுகிறார்கள்.

4. வேறொரு முறை ஒத்துப்போகிறதா? சிவகளையில் பானை ஓடுகளை ஒளிர்வு முறையிலும் சோதித்தார்கள். ஓட்டிலுள்ள குவார்ட்ஸ் மணிகள் கடைசியாகச் சூளையில் சுட்டபோது "பூஜ்யமாகி", அன்றுமுதல் மண்ணின் கதிரியக்கத்தைச் சேமித்துவருகின்றன. அந்தச் சேமிப்பை அளந்தால் சுட்ட காலம் தெரியும். இதன் பிழை வரம்பு கார்பனைவிட அகலம். ஆனால் காற்றில் கார்பன்-14 ஏறுவதும் இறங்குவதும் இதைக் குழப்ப முடியாது.

சிவகளையின் கி.மு. 3345, ஹால்ஸ்டாட் மேட்டிலிருந்து வெகுதூரம் விலகியிருக்கிறது. அங்கே கேட்க வேண்டியவை முதல் இரண்டு கேள்விகள்தான். உலக இரும்பு வரலாற்றையே திருத்தக் கூடிய எண் அது. அதற்கேற்ற எண்ணிக்கையில் தாழிகளும் மாதிரிகளும் வந்து சேர வேண்டும்.

பழைய மரம் விண்வெளிக்குச் சொல்வது

இதுவரை சூரியன் தொல்லியலுக்குத் தந்ததைப் பார்த்தோம். தொல்லியல் திருப்பித் தந்தது இன்னும் பெரியது.

நாம் கருவிகளால் சூரியப் புயல்களைக் கவனிக்கத் தொடங்கி 200 ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1859 செப்டம்பரில் தந்திக் கம்பிகளைப் பொறி பறக்கவைத்த கேரிங்டன் புயலே மிகப் பெரியது என்று நினைத்திருந்தோம். ஆனால் மர வளையங்களில் 1859க்கு எந்தத் தாவலும் இல்லை. துகள் மழையைப் பொறுத்தவரை 774 அதைவிட மிகக் கடுமையான வகை. கருவிகளால் பதிவான மிகக் கடுமையான துகள் நிகழ்வு 1956 பிப்ரவரியில் நடந்தது. 774 அதைப் போலப் பல பத்து மடங்கு.

சிறிய புயல்களே என்ன செய்யும் என்பதைப் பார்த்துவிட்டோம். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணம் ஒன்பது மணி நேரம் இருளில் மூழ்கியது. 2022 பிப்ரவரியில் ஒரு சாதாரணப் புயல், புதிதாக ஏவிய ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் சுமார் 40ஐ வீழ்த்தியது. 2024 மே மாதப் புயலின்போது லடாக்கின் ஹான்லே வானம் சிவந்தது. 1972 ஆகஸ்டில் ஒரு பெரும் துகள் புயல் அடித்தது. அப்போலோ 16 ஏப்ரலிலேயே திரும்பிவிட்டிருந்தது, அப்போலோ 17 டிசம்பரில்தான் கிளம்பியது. இடையில் நிலவில் யாரும் நடக்காதது நல்லூழ். இன்று பல நாடுகள் மனிதரை நிலவுக்கு அனுப்பத் திட்டமிடும்போது நல்லூழை நம்பியிருக்க முடியாது. மிக மோசமான நிலை எதுவாக இருக்கும் என்று கணக்கிடும் ஆய்வாளர்கள் இப்போது 774ஐ அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இத்தகைய சீற்றம் எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை வரும்? மரங்களின் கணக்குப்படி ஆயிரம் ஆண்டுக்கு ஒன்று என்பதற்கும் குறைவு. 2024 டிசம்பரில் வெளியான வேறொரு கணக்கு கவலை தருகிறது. கெப்ளர் தொலைநோக்கி கவனித்த, சூரியனை ஒத்த 56,450 விண்மீன்களை மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினர் தலைமையிலான குழு ஆராய்ந்தது. அத்தகைய விண்மீன் ஒன்றில் ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு ஒரு முறை மாபெரும் வெடிப்பு நிகழ்கிறது என்று முடிவுக்கு வந்தது. நம் சூரியன் அவற்றைவிடச் சாதுவா? அல்லது ஒளி வெடிப்பு எல்லாம் துகள் புயலாக மாறி நம்மை நோக்கி வருவதில்லையா? இரண்டும் சாத்தியம். விடை இன்னும் வரவில்லை.

அதைத் தேடித்தான் கலங்கள் போயிருக்கின்றன. நாசாவின் பார்க்கர் கலம் 2024 டிசம்பர் 24 அன்று சூரியனின் மேற்பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் அருகில் பறந்தது. செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜியைத் திட்ட இயக்குநராகக் கொண்டு உருவான இஸ்ரோவின் ஆதித்யா-எல்1, 2024 ஜனவரி 6 முதல் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைக் கண்காணிக்கிறது. அதில் சூரியத் துகள்களை அளக்கும் ஆஸ்பெக்ஸ் கருவியைச் செய்தது அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம். சிவகளைப் பானை ஓடுகளை ஒளிர்வு முறையில் சோதித்த கூடங்களில் அதுவும் ஒன்று.

கண்காணிப்புக்கும் எல்லை உண்டு. சூரியன் வீசியெறியும் பிளாஸ்மா முகில் பூமியை அடைய ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆகும், முன்னெச்சரிக்கைக்கு நேரம் கிடைக்கும். 774 வகை நிகழ்வின் அதிவேகத் துகள்கள் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வந்து சேரும். அதற்குள் நிலவில் இருப்பவர் தடித்த தடுப்புக்குப் பின்னால் போயாக வேண்டும். அந்தப் புயல் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது தெரிந்தால்தான் தடுப்பறையில் எத்தனை நாளுக்கான காற்றும் நீரும் வைக்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியும். சில தாவல்கள் ஓராண்டுக்கு மேல் இழுத்திருக்கலாம் என்று 2022இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு கணிப்பை முன்வைத்தார்கள், அதை மறுப்பவர்களும் உண்டு. இதைத் தீர்க்க, ஒரே வளையத்திலேயே பருவத்தின் முற்பாதியில் வளர்ந்த மரத்தையும் பிற்பாதியில் வளர்ந்த மரத்தையும் தனித்தனியாகச் செதுக்கி அளக்கும் வேலை நடக்கிறது. ஓரிரு நாள் புயல் என்று முடிவானால் ஒரு தடுப்பறை போதும். மாதக்கணக்கில் நீடித்தது என்று முடிவானால், செவ்வாய்க்கு ஆள் அனுப்பும் திட்டங்களின் கலவடிவமைப்பையே முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும்.